குணமா, படிப்பா: புள்ளடியை எது நகர்த்துகிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஒருவரின் சுபாவத்துக்கும் படிப்புக்கும் அவரது அரசியல் சாய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில். “புத்தியுள்ள சனம் எங்கடை கட்சிக்குத்தானே போடும்?” என்ற வகைக் கேள்விகளைத் தனியாக எடுக்கவில்லை. அவற்றை அனுப்பியவர்கள் இரண்டாவது பதிலை வாசிக்கலாம்.

கேள்வி: பயந்த சுபாவம் உள்ளவர்கள் பழமைவாதிகளாகவும் துணிந்தவர்கள் முற்போக்காளராகவும் இருப்பார்கள், இது விஞ்ஞானம் நிரூபித்தது என்று ஒரு காணொளி வைபரில் சுற்றுகிறது. உண்மையா?
– வாசகர், கோண்டாவில்

அந்தக் காணொளி எதை வைத்துப் பேசுகிறது என்பது தெரிந்ததுதான். 2008இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அது. நெப்ராஸ்கா மாநிலத்தில் உறுதியான அரசியல் கருத்துள்ள 46 பேரைக் கூப்பிட்டு, முகத்தில் பெரிய சிலந்தி ஏறி நிற்கும் படம் போன்றவற்றைக் காட்டினார்கள். கைவிரலில் கசியும் வியர்வையையும், திடீர்ச் சத்தத்துக்கு இமை எவ்வளவு பலமாக வெட்டுகிறது என்பதையும் கருவி வைத்து அளந்தார்கள். இராணுவச் செலவு, மரண தண்டனை போன்றவற்றை ஆதரித்தவர்களின் உடல் கூடுதலாகத் திடுக்கிட்டது என்று முடிவு வந்தது. 2020இல் வேறு ஆய்வாளர்கள் 202 பேரை வைத்து அதே பரிசோதனையைத் திருப்பிச் செய்தார்கள். அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. காணொளி செய்தவர் முதலாவதோடு நின்றுவிட்டார்.

ஆனால் குணத்துக்கும் அரசியலுக்கும் தொடர்பே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உளவியலாளர் குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரித்து அளக்கிறார்கள்: புதியனவற்றுக்கு மனம் திறந்திருத்தல், ஒழுங்கும் கடமையும், ஆட்களோடு கலகலப்பாகப் பழகுதல், விட்டுக்கொடுத்தல், மனப்பதற்றம். இவற்றில் முதல் இரண்டுக்கும்தான் அரசியலோடு திரும்பத் திரும்பத் தொடர்பு தென்படுகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, ஏறத்தாழ 72,000 பேரின் தரவோடு 2012இல் வெளியான ஒரு தொகுப்பு இருக்கிறது. அதன்படி புதியனவற்றுக்குத் திறந்த மனம் உள்ளவர் இடது பக்கம், அதாவது முற்போக்குப் பக்கம், சாய்வதற்கான இணைபு 0.18 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). ஒழுங்கு மிகுந்தவர் வலது பக்கம் சாய்வதற்கு 0.10.

0.18 என்றால் எவ்வளவு? திறந்த மனத்தில் சராசரிக்கு மேலே நிற்கும் 100 பேரை எடுத்தால், அவர்களில் 56 பேர் அளவில் இடது பாதியில் இருப்பார்கள், மிகுதி 44 பேர் வலது பாதியில். வெறும் தற்செயலாக இருந்தாலே 50, 50 வந்திருக்கும். ஒரு நாட்டின் வாக்காளர் முழுவதையும் ஆராய்பவருக்கு இது பெறுமதியான வித்தியாசம். முன்வீட்டு ஐயாவின் குணத்தைப் பார்த்து அவர் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடுவார் என்று ஊகிக்கிறவருக்கு, நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இன்னொரு பிடி. முன்பு கம்யூனிச ஆட்சி இருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில், பாதுகாப்பையும் பழக்கத்தையும் விரும்பும் சுபாவக்காரர் அரச பொருளாதாரத்தின் பக்கம், அதாவது இடது பக்கம் நின்றார்கள். அங்கே பழையது என்றால் அதுதான். மாற்றத்தை விரும்பாத குணம் எந்தக் கட்சிக்குப் போகும் என்பதை, அந்த நாட்டில் எது ஏற்கெனவே இருந்தது என்பது முடிவு செய்கிறது.

கேள்வி: படித்த ஆக்கள் மட்டும் வாக்களித்தால் நல்ல பாராளுமன்றம் வரும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் அடிக்கடி கதை வருகிறது. குறைந்தது சாதாரண தரமாவது சித்தியடைந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தால் என்ன?
– ஆசிரியை, சுன்னாகம்

இந்த நாட்டில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1911இல் சட்டசபையில் ‘படித்த இலங்கையர்’ என்று ஒரே ஒரு ஆசனம் உருவாக்கி, நாடு முழுவதும் கல்வித் தகைமையுள்ள ஏறத்தாழ 3,000 பேருக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார், தோற்றவர் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோ. ஒரு தமிழரைச் சிங்கள வாக்காளரும் சேர்ந்து தெரிந்தார்கள் என்று இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. வரலாற்றாசிரியர்கள் கூடவே இன்னொன்றையும் எழுதுகிறார்கள்: பெர்னாண்டோ கராவ சாதியைச் சேர்ந்தவர் என்பதால் சிங்களவரில் பெரிய சாதியான கொவிகமவினரின் வாக்குகளில் பெரும்பகுதி இராமநாதனுக்குப் போனது. நாட்டிலேயே மிகப் படித்த 3,000 பேர் சாதி பார்த்தார்கள் என்பதுதான் அந்தப் பரிசோதனையின் பெறுபேறு. பிறகு 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயது தாண்டிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் அதே இராமநாதனும் ஒருவர்.

எங்கள் ஊர் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி 1968. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையக் கூடாது என்று வாசலில் நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். மறு பக்கத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை முன்னெடுத்த இடதுசாரிகளுக்குத் தலைமை தாங்கிய நா. சண்முகதாசனும் அதே பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர்தான். படிப்பு இருவருக்கும் வாதிடும் திறமையைக் கொடுத்தது. எந்தப் பக்கம் நின்று வாதிடுவது என்பதைக் கொடுக்கவில்லை.

இதையே ஆய்வுகூடத்தில் காட்டியவர் டான் கஹான் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 2013இல். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு சிறு அட்டவணை கொடுத்தார். புதிய தோல் களிம்பு பூசியவர்களில் 223 பேருக்குச் சுகம், 75 பேருக்கு நோய் கூடிவிட்டது. பூசாதவர்களில் 107 பேருக்குச் சுகம், 21 பேருக்கு நோய் கூடிவிட்டது. களிம்பு உதவுகிறதா? 223 பெரிய எண், அதனால் அவசரக்காரர் ஓம் என்பார். கணக்குப் பார்த்தால் பூசியவர்களில் 75 வீதம், பூசாதவர்களில் 84 வீதம் சுகம். களிம்பு கெடுதல். கணக்குத் திறமை கூடியவர்கள் இதைக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள்.

பிறகு அதே எண்களை வைத்து, தலைப்பை மட்டும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் குற்றச்செயலும் என்று மாற்றினார். இப்போது கணக்குத் திறமை உள்ளவர்கள், முதற்பார்வைக்குத் தெரியும் பிழையான விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் அதோடு நின்றுவிட்டார்கள். பாதகமாக இருந்தால் மட்டும் வீதம் போட்டுப் பார்த்தார்கள். இரு கட்சிக்காரருக்கும் இடையிலான இடைவெளி திறமை கூடியவர்களிடையேதான் பெரிதாக இருந்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த மீள்பரிசோதனைகளில் எல்லாம் இவ்வளவு பலமாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்றாலும் படிப்பு ஏறினால் பக்கச்சார்பு தானாக இறங்கும் என்று காட்டிய பரிசோதனையாக இதை யாரும் வாசிக்க முடியாது.

படிப்புக்கு வேறு நன்மைகள் உண்டு. பல நாடுகளில் படித்தவர் கூடுதலாக வாக்களிக்கிறார், வேட்பாளர் பெயர் தெரிந்து வைத்திருக்கிறார், விருப்பு வாக்கைப் பிழையில்லாமல் போடுகிறார். சாதாரண தர விதி வைத்தால் முதலில் வெட்டுப்படுவது யார் என்று உங்கள் ஆசிரியர் அறையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: போரில் பள்ளிக்கூடம் இழந்தவர்களும் முதிய பெண்களும்.

கேள்வி: பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் எல்லாம் சிவப்பாகி வருகிறார்கள். விரிவுரையாளர்கள் மூளைச்சலவை செய்கிறார்களா?
– பெற்றோர், மானிப்பாய்

எல்லாரும் அல்ல. ஆனால் கேள்வி பழையது, பதிலும் ஓரளவு தெரியும்.

அமெரிக்காவில் பெனிங்டன் என்ற சிறிய பெண்கள் கல்லூரியை 1930களில் தியோடர் நியூகோம் ஆராய்ந்தார். வசதியான, பழமைவாதக் குடும்பங்களின் பெண்கள். ஆசிரியர்களோ பெரும்பாலும் முற்போக்காளர். 1936 ஜனாதிபதித் தேர்தலில் முதலாம் ஆண்டு மாணவிகளில் 62 வீதம் பழமைவாத வேட்பாளரை ஆதரித்தார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அது 15 வீதம் அளவுதான். பத்துப் பதினைந்து வருடமல்ல, அரை நூற்றாண்டு கழித்துப் பின்தொடர்ந்தபோதும் அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை.

காரணம் விரிவுரை அல்ல என்பதுதான் நியூகோம் கண்டது. அந்தக் கல்லூரியில் மதிப்பும் சிநேகிதமும் முற்போக்குக் கருத்தோடு சேர்ந்து வந்தன. சிநேகிதிகளோடு ஒட்டியவர்கள் மாறினார்கள், வீட்டோடு ஒட்டியிருந்தவர்கள் மாறவில்லை. பிறகு மணந்த கணவர்களும் அதே சாய்வு என்பதால் அது நிலைத்தது. உங்கள் பிள்ளையின் அரசியலை அறிய விரிவுரைக் குறிப்பைத் தேட வேண்டாம், விடுதியில் யாரோடு இருக்கிறார் என்று கேளுங்கள்.

இதன் மறுபுறமும் உண்டு: ஏற்கெனவே அப்படியானவர்களே அந்தப் படிப்பைத் தெரிகிறார்கள். மேலை நாடுகளில் கலை, சமூகவியல் பக்கம் இடதும், வணிகம், பொறியியல் பக்கம் வலதும் கூடுதலாக இருப்பதற்குப் பெரிய காரணம் இந்தத் தெரிவு. ஒரே வீட்டுச் சகோதரர்களில் பல்கலைக்கழகம் போனவரையும் போகாதவரையும் ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் இந்தத் தெரிவு இன்னும் பலவீனம், ஏனென்றால் பாடப்பிரிவைச் சாதாரண தரப் பெறுபேறும் அப்பா அம்மாவும் ரியூசன் மாஸ்ரரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். உயிரியல் பிரிவில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் குணத்தால் வரலாற்று மாணவர்கள்.

படித்தவர் இடது என்பதே அண்மைக்காலச் சங்கதி. பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா மூன்றிலும் 1950களில் படித்தவர்கள் வலதுசாரிக் கட்சிகளுக்கும் படிப்புக் குறைந்தவர்கள் இடதுசாரிக் கட்சிகளுக்கும் வாக்களித்தார்கள். படிப்படியாக அது தலைகீழானது என்று தோமா பிக்கெற்றியும் கூட்டாளிகளும் 21 மேலைத்தேய நாடுகளின் தேர்தல் தரவுகளிலிருந்து காட்டியிருக்கிறார்கள். படித்தவர்களின் இடதுக்கு அவர் வைத்த பெயர் ‘பிராமண இடது’! மனிதக் குணம் எழுபது வருடத்தில் தலைகீழாகாது. கட்சிகள்தான் இடம் மாறின.

கேள்வி: இணையத்தில் அரசியல் சாய்வுச் சோதனை செய்தேன். ‘பொருளாதார இடது’ என்று வந்தது. நான் கடை வைத்திருக்கிறேன், வரியே பிடிக்காது!
– வாசகர், நெல்லியடி

அந்தச் சோதனைகளில் இலவசக் கல்விக்கும் இலவச மருத்துவத்துக்கும் ஓம் என்றால் இடது. கன்னங்கராவின் 1945 சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்கே இலவசக் கல்வி வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை எங்கே தேடுவது? அமெரிக்கரைப் பிரிக்கும் கேள்வி இலங்கையரைப் பிரிக்காது. எங்களைப் பிரிக்கும் கேள்விகளோ அந்தச் சோதனையில் இல்லை. பெறுபேற்றை மறந்துவிட்டுக் கடையைப் பாருங்கள்.

கேள்வி: இறுதி ஆண்டு ஆய்வுக்காக, வலிகாமத்தில் குணமும் கல்வியும் அரசியல் மனப்பாங்கும் பற்றி வினாக்கொத்துச் செய்ய இருக்கிறேன். 60 பேர் போதுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– சமூகவியல் மாணவி

போதாது. மேலே சொன்ன 0.18 அளவான தொடர்பை, உண்மையில் இருந்தால், ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்க ஏறத்தாழ 240 பேர் வேண்டும். 0.10 அளவான தொடர்புக்கு 780 பேர் அளவில். 60 பேரில் 0.18 கிடைத்தாலும் அதன் உண்மைப் பெறுமதி மைனஸ் 0.08 தொடக்கம் 0.41 வரை எங்கேயும் இருக்கலாம். அதாவது எதுவும் சொல்ல முடியாது. 240 முடியாவிட்டால் தலைப்பை மாற்றி, 15 பேரோடு ஆழமாகக் கதைக்கும் ஆய்வாகச் செய்யுங்கள், அது கௌரவமான வேலை.

குணத்தை அளக்க 44 வினா, 60 வினா அளவுகோல்கள் இருக்கின்றன. வீட்டுப் படியில் நின்று 60 வினா கேட்க ஒருவரும் விடமாட்டார்கள். பத்து வினாக் கொண்ட குறுகிய வடிவம் 2003இல் வந்தது: ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு, ஒன்று நேர், மற்றது எதிர், 1 முதல் 7 வரை புள்ளி. எதிர் வினாவின் புள்ளியை 8இலிருந்து கழித்து, இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இரண்டே வினா என்பதால் உள் ஒத்திசைவுக் குணகம் (ஒரே குணத்துக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு) குறைவாக வரும், மேற்பார்வையாளர் கேட்டால் பதறாதீர்கள்.

வினாக்களை ஒருவர் தமிழுக்குக் கொண்டுவர, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் வேலை இருக்கிறது. ‘ஒழுங்கில்லாதவர் அல்லர்’ போன்ற இரட்டை எதிர்மறை வந்தால் வயதானவர்கள் தலைகீழாகப் பதில் சொல்வார்கள். ‘சாமான்களை வைத்த இடத்தில் தேடி எடுக்க முடியாத ஆள்’ என்று செயலாகவே எழுதுங்கள். பிறகு 10 பேரிடம் முன்னோட்டம் பார்த்து, ஒவ்வொரு வினாவையும் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரிய பொறி ‘ஓம் தம்பி, ஓம் பிள்ளை’ என்பது. 1950இல் அடோர்னோ குழுவினர் வெளியிட்ட சர்வாதிகார மனப்பாங்கு அளவுகோலில் வாக்கியங்கள் எல்லாம் ஒரே திசையில் இருந்தன. எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் தானாகவே சர்வாதிகார மனத்தவர் ஆகிவிட்டார். படிப்புக் குறைந்தவர்கள் வினாக்கொத்தோடு வரும் அந்நியருக்குக் கூடுதலாக ஆமோதிப்பதால், அவர்களே சர்வாதிகாரத்தை விரும்புகிறார்கள் என்ற முடிவும் ஊதிப் பெருத்தது. 1981இல் பொப் அல்ட்மயர் பாதி நேர், பாதி எதிர் வாக்கியமாகச் சமன் செய்த அளவுகோலை வெளியிட்டார். உங்கள் அரசியல் வினாக்களையும் அப்படியே பாதிப் பாதியாக எழுதுங்கள்.

கட்சி கேட்க வேண்டாம். எங்கள் மண்ணில் கோப்போடு வந்து கட்சி கேட்பவர் யார் என்ற பயம் இன்னும் போகவில்லை, ‘எல்லாருக்கும் போடுவம்’ என்ற பதில்தான் வரும். பிரச்சினைகளைக் கேளுங்கள், மூன்று தனித்தனிக் கூடைகளாக. இனப்பிரச்சினை: மாகாண சபைக்குக் காணி, பொலிஸ் அதிகாரம் முழுமையாகக் கொடுக்க வேண்டுமா? பொருளாதாரம்: நட்டத்தில் ஓடும் அரச நிறுவனங்களைத் தனியாருக்கு விற்கலாமா? சமூகம்: தேசவழமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி தொடர வேண்டுமா? இந்த மூன்றையும் கூட்டி ஒரே ‘இடது–வலது’ எண்ணாக்கினால் ஆய்வு அங்கேயே முடிந்தது. சமஷ்டிக்கு உயிரைக் கொடுப்பேன் என்பவர் தேசவழமை வினாவில் அசையவே மாட்டார். கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கும்.

ஆட்களைப் பல்கலைக்கழக வாசலிலோ வாசிகசாலையிலோ பிடிக்காதீர்கள். மூன்று கிராம சேவையாளர் பிரிவைத் தெரிந்து, பிரிவுக்கு 80 வீடு, இத்தனையாவது வீடு என்று இடைவெளி வைத்துப் போங்கள். வீட்டில் யார் கதவைத் திறக்கிறாரோ அவரிடமல்ல, வயது வந்தவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம் கேட்க வேண்டும். காலையில் மட்டும் போனால் முதியவர்களும் இல்லத்தரசிகளும்தான் கிடைப்பார்கள். பின்னேரமும் ஞாயிறும் தேவை. அஸ்வெசும அரச உதவித் திட்டத்துக்கு விபரம் எடுக்க வந்தவர் என்று நினைத்தால் பதில் எல்லாம் உதவிக்கு ஏற்றபடி மாறும், முதல் வாக்கியத்திலேயே ‘இதால் எந்த உதவியும் வராது’ என்று சொல்லிவிடுங்கள். அரசியல் பகுதியை அவரே நிரப்பிப் பெயரில்லாத உறையில் போட்டு ஒட்டித் தரட்டும்.

கல்வியை ‘எத்தனை வருடம் படித்தீர்கள்’ என்று மட்டும் கேட்டால் இங்கே பிழைக்கும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது பத்தாம் வகுப்பில் நின்றுவிட்ட ஒருவரின் பத்து வருடம், அவரது ஆற்றலையோ சுபாவத்தையோ சொல்லவில்லை, போரைச் சொல்கிறது. எந்த ஆண்டில், ஏன் நிறுத்தினார் என்ற இரண்டு வினா சேர்த்தால் இதைப் பிரித்தெடுக்கலாம். அதேபோல, உயர்தரம் படித்துவிட்டுக் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்கள் உங்கள் மாதிரியில் இல்லை. மீந்திருப்பவர்களை வைத்து ‘யாழ்ப்பாணத்தின் படித்தவர்கள்’ என்று எழுதினால் பரீட்சகர் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும்.

கடைசியாகக் குறியிடல். எந்த எண் எந்தப் பக்கம் என்று வினாக்கொத்தின் முதற் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அமெரிக்காவின் முன்னணி அரசறிவியல் சஞ்சிகையொன்றில் 2012இல் வந்த கட்டுரையில், குணங்களுக்கும் அரசியல் மனப்பாங்குக்கும் இடையிலான தொடர்பின் திசையே பழமைவாதிக்கும் முற்போக்காளருக்கும் மாறிப் போயிருந்தது. அரசியல் வினாக்கள் தலைகீழாகக் குறியிடப்பட்டதே காரணம். திருத்தம் வந்தது 2016இல்! தெரிந்த ஐந்து பேரின் தாளை எடுத்து, கணினியில் வந்த புள்ளியோடு கையால் ஒப்பிட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் பிடிபட்டிருக்கும்.

கேள்வி: 2024இல் யாழ்ப்பாணம் திசைகாட்டிக்குப் போட்டது. எங்கள் சனத்தின் குணமே மாறிவிட்டதா?
– வாசகர், சாவகச்சேரி

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ். மாவட்டத்தில் கிடைத்தது 27,000 அளவான வாக்குகள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற அவரது தேசிய மக்கள் சக்திக்கு 80,000க்கு மேல். நடுவில் 54 நாள். குணம் 54 நாளில் மாறுவதில்லை, கல்வித் தகைமையும் மாறுவதில்லை. மாறியது தெரிவுப் பட்டியலும் யார் ஆட்சியில் இருக்கிறார் என்பதும்.

நவம்பரில் அவர்களுக்கு இங்கே கிடைத்த மூன்று ஆசனம் என்பதையும் நிதானமாகப் பாருங்கள். வாக்கில் அது கால்வாசி. தமிழ்த் தேசியக் கட்சிகளின் வாக்குப் பல பட்டியலாகச் சிதறியதாலும், முதலாவதாக வரும் கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று கிடைப்பதாலும் ஆறில் பாதி ஆனது. 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் மறுபடி முன்னுக்கு வந்தது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு உளவியல் விளக்கம் தேடுவது வீண் வேலை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மாமனாருக்கு வயது 70, மகனுக்கு 24. இரவுச் சாப்பாட்டில் அரசியல் வந்தால் கோப்பை பறக்கும். இரண்டு பேரும் ஒரே பிடிவாதக் குணம், ஆனால் எதிர் எதிர்க் கட்சி. எப்படி?
– இல்லத்தரசி, கொக்குவில்

குணம் ஒன்று, கட்சி இரண்டு என்பதில் புதினமில்லை. பிடிவாதம் ஒரு கருத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதைச் சொல்லும். எந்தக் கருத்து என்பதை, பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் நடந்தவை கூடுதலாக முடிவு செய்கின்றன என்பது அரசியல் உளவியலில் நன்றாக நின்ற கண்டுபிடிப்பு.

உங்கள் மாமனாரின் கணக்கைப் போடுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் தொடங்கியபோது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. பொறியியலுக்குச் சிங்கள மொழி மூலம் 227 புள்ளி போதும், தமிழ் மொழி மூலம் 250 வேண்டும் என்றிருந்த காலம் அது. பத்தொன்பது வயதில் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுச் சாவுகள், இருபத்தொன்றில் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், இருபத்தாறில் யாழ். நூலகம் எரிந்தது. படிப்பு அவருக்கு வாசல் என்று சொல்லப்பட்டு, அந்த வாசல் முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட தலைமுறை. தெற்கிலும் 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட பத்தாயிரம் பேர் அளவிலானவர்களின் விபரங்களை ஆராய்ந்த கணநாத் ஒபேசேகர, அவர்களில் கணிசமானோர் படித்த கிராமத்து இளைஞர் என்று கண்டார். படிப்புக் கொடுத்துவிட்டு இடம் கொடுக்காவிட்டால் எந்த மொழிக்காரரும் கொதிப்பார்கள்.

மகனோ 2009இல் எட்டு வயது. அவர் வாக்காளரான காலத்தில் நடந்தது 2022: எரிபொருள் வரிசை, மின்வெட்டு, ஓடிப்போன ஜனாதிபதி. அவருக்கு அரசியல் என்றால் களவும் விலைவாசியும். இருவரும் தங்கள் இருபது வயதைத்தான் மேசையில் வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘ஏன் அந்தக் கட்சி?’ என்று கேட்டால் இருவரும் காரணங்களை அடுக்கி இன்னும் இறுகுவார்கள். ‘எப்படி நடக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். மாமனாரிடம்: சமஷ்டி வந்தால் வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் உள்ள காணியை விடுவிக்க யார் கையெழுத்திடுவார், காசு எங்கேயிருந்து வரும்? மகனிடம்: ஊழலை ஒழித்தால் மட்டும் அந்தக் காணி எப்படி விடுபடும், எந்த அமைச்சு, எந்தச் சட்டம்? படிப்படியாக விளக்கச் சொன்னபோது தங்களுக்குத் தெரிந்தது குறைவு என்று உணர்ந்து சிலர் தணிந்ததை 2013இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எல்லா மீள்பரிசோதனையிலும் அது பலிக்கவில்லை, ஆகவே மருந்து என்று சொல்லமாட்டோம். மற்றவர் விளக்கும்போது இடையில் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை, அதற்கு நீங்கள்தான் நடுவர். சாப்பாடு முடிந்த பிறகு தொடங்குங்கள், கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகு.

கேள்வி: கட்சி இரத்தத்தில் வருமா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சைக்கிள்தான்.
– வாசகர், புங்குடுதீவு

மரபணு முழுதும் ஒன்றான ஒத்த இரட்டையரையும், பாதியளவே ஒன்றான மற்ற இரட்டையரையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2005இல் வந்தது. கொள்கை மனப்பாங்குகளில் பரம்பரையின் பங்கு கணிசமாகத் தெரிந்தது, கட்சி அடையாளத்தில் குறைவு. கட்சியைப் பெரும்பாலும் வீடும் ஊரும்தான் கையளிக்கின்றன. சைக்கிள் உங்களுக்கு இரத்தத்தில் வரவில்லை, திண்ணையில் வந்திருக்கிறது.